முக்கால் அடி

ஆசாரிப்பள்ளத்தில் இரவுப்பணி முடித்து
ஒழுகினசேரிக்கு நான் மிதிக்கும் சாலை
முக்கால் அடி அகலம்.
வெள்ளைக் கோட்டுக்கும் ஓடைமூடிக்கும் நடுவே
மிச்சம் விட்டது அவ்வளவுதான்.
எக்ஸ்ரே அறை ஸ்கேலை எடுத்துவந்து
ஒரு ஞாயிறு விடியலில் அளந்தேன்.
பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு
"வஸ்து வல்லதும் வாங்கப் போறியளா?" என்றார்.

மற்ற இருபத்திரண்டு அடி மற்றவர்களுடையது.
பாறைப்பொடி சிந்திக்கொண்டே எல்லைக்குப் போகும் டிப்பர்,
ஏத்தன் குலை வாலாய்த் தொங்கும் மினிவேன்,
ஹாரனை ஜெபம்போல் விடாமல் சொல்லும் பஸ்.
முக்கால் அடியிலும் எனக்குப் பங்காளிகள் உண்டு:
ஒரு மின்கம்பம், கறிக்கடைப் பலகை,
மழை விட்டும் வற்றாத குட்டை,
எதிரே வரும் பள்ளிப்பிள்ளைகள்.
மணியடித்தால் அவர்கள் ஒதுங்க ஓடைதான் இடம்.
அடிப்பதில்லை. இறங்கி உருட்டுவேன்.

என் மேசைக்குத் தெரு கறுப்பு வெள்ளையாய் வந்து சேரும்.
காறையெலும்பு என்றால் பெரும்பாலும் சைக்கிள்.
முட்டுக்குக் கீழே இரண்டு எலும்பும் என்றால் நடந்தவர்;
அது பம்பரின் உயரம்.
"மூச்சைப் பிடியுங்க" என்பேன்.
ரோட்டிலேயே பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

ஆனி மாதம் வெட்டூர்ணிமடம் பக்கம்
குடிநீர்க் குழாய் வெடித்து
மூன்று நாள் தெருவை அடைத்தார்கள்.
முதல் நாள் வெறுந்தெருவிலும் ஓரமாகவே நடந்தார்கள்.
இரண்டாம் நாள் ஒரு நாய் நடுவில் படுத்துக் காட்டியது.
மூன்றாம் நாள் சாயங்காலம்
தையல்கடை அமலதாசும் ஃபெல்சியாவும்
கல்யாணமான நாள்முதல் முன்னும் பின்னுமாய் நடந்தவர்கள்,
பின்னால் வருபவளிடம் கழுத்தைத் திருப்பாமல்
கத்திக் கத்தியே பேசிப் பழகியவர்,
பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள்.
அவர் குரல் இவ்வளவு சன்னமென்று
அன்றுதான் தெரிந்தது எங்களுக்கு.

நான்காம் நாள் திறந்துவிட்டார்கள்.
காண்டிராக்டர் ஒரு தார் டிரம்மை மறந்துபோனார்.

கோட்டின்மேல் நின்ற டிரம்
மறுநாள் கோட்டுக்கு வெளியே நான்கு விரல்.
அடுத்த வாரம் ஒரு சாண்.
டிப்பர்கள் வைதபடி விலகிப் போயின.
யார் நகர்த்துகிறார்கள் என்று
ஒருவரும் ஒருவரைக் கேட்கவில்லை.
இரவு ஒன்றரை மணிக்கு ஒருநாள்
நானும் முட்டுக்கொடுத்துத் தள்ளினேன்;
நினைத்ததைவிட லேசாக வந்தது.
ட்ராபிக் போலீஸ் வந்து கேட்டார்.
கடைக்காரர்கள் மாநகராட்சியின் டிரம் என்றார்கள்.
மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறையுடையது என்றது.
நெடுஞ்சாலைத் துறை பதில் எழுதவில்லை.
ஆடிச்சாரல் தொடங்கும்போது எங்களுக்கு மூன்றடி இருந்தது.
பிள்ளைகள் இருவர் இருவராகப் போனார்கள்.
நான் மணியடிக்க ஆரம்பித்தேன், சும்மாவேனும்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு
அருமனைக்காரர் ரெஜிமோன் வந்தார்.
சட்டையில் ரப்பர்ஷீட் வாடை.
இடது மணிக்கட்டைக் குழந்தைபோல் ஏந்தியிருந்தார்.
"இருட்டுல ஒரு டின்னு கெடந்துது மேடம்,
எந்தப் பாவி கொண்டு வச்சானோ."
அவர் கையைத் தட்டில் மெதுவாக விரித்துவைத்தேன்.
"அசையாதீங்க" என்றேன்.
என் கைதான் அசைந்தது.
படத்தில் ஒரு மயிரிழை விரிசல்.
கண்ணுக்குத் தப்புமோ என்று பார்த்தேன்;
தப்பவில்லை.

மறுநாள் வடசேரியில் கால் லிட்டர் வெள்ளை எனாமல் வாங்கி
பணிக்குப் போகிற வழியில்
டிரம்மைச் சுற்றி இரண்டு பட்டை அடித்தேன்.
அன்று அதைத் தள்ளவில்லை.
ஒரு சாண் உள்ளே இழுத்துவைத்தேன்.
மூன்றடியில் ஒரு சாண், அவர் மணிக்கட்டுக்காக.

காலையில் திரும்பி வருகிறேன்.
டிரம் பழைய இடத்திலேயே நிற்கிறது,
ஈரப் பட்டையில் ஐந்து விரல் பதிந்து.
தையல்கடை வாசலில் அமலதாஸ்
வலதுகையைச் சட்டைப்பைக்குள் வைத்தபடி
தலையை மட்டும் ஆட்டி
"டூட்டி முடிஞ்சா?" என்றார்.